கனடாக் கோடையில் பிகோனியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு முன்வாசல் வடக்குப் பார்த்தது. வீடு வாங்கிய நாளில் மாமா ஒருவர் “குபேர வாசல்” என்று சந்தோஷப்பட்டார். பூங்கன்று வைக்கப் போனபோதுதான் அந்த வாசலுக்கு வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம் என்று தெரிந்தது. செவ்வந்தி வைத்தேன், நீண்டு மெலிந்து சாய்ந்தது. ஜெரேனியம் வைத்தேன், இலை மட்டும் வந்தது. பிகோனியா வைத்த வருடத்திலிருந்துதான் தெருவில் நடப்பவர்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அதன்பிறகு மே பிறந்தால் எங்கள் தொலைபேசி ஓயாது. சொந்தக்காரர், கோயிலில் காண்பவர்கள், வேலையிடத்துச் சிநேகிதர் என்று பலரும் கேட்பார்கள். பாதிக்கு மேல் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் ரொறன்ரோ வட்டாரக் காலநிலைக்குச் சொன்னவை. வேறு ஊர்க்காரர்கள் திகதிகளை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

போன வருடம் வைத்த பிகோனியா இந்த வருடம் முளைக்கவில்லையே, ஏன்?

முளைக்காது. பிகோனியா சூடான நாட்டுச் செடி. பாத்திகளில் நாம் வைக்கும் சாதாரண வகையின் மூதாதையர் பிரேசில் பக்கம். பெரிய ரோஜாபோலப் பூக்கும் கிழங்கு வகையின் மூதாதையர் பொலிவியா, பெரு நாடுகளின் அண்டீஸ் மலைகள். அங்கெல்லாம் அது வருடக்கணக்கில் நிற்கும். இங்கே ‘ஓராண்டுச் செடி’ என்று கடை அட்டையில் போடுவது நமது குளிரைப் பார்த்துத்தான்.

தண்டை ஒரு தடவை ஒடித்துப் பாருங்கள். விரலில் தண்ணீர் வழியும். உறைபனி விழும் இரவில் அந்தத் தண்ணீர்தான் உறைந்து தண்டைக் கிழிக்கிறது. காலையில் பார்த்தால் அவித்த கீரை மாதிரிக் கிடக்கும். இந்தத் தண்ணீர்த் தண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிப் பதில்களுக்கு அதுதான் காரணம்.

பெயர் பிரெஞ்சுக்காரர் வைத்தது. தாவரம் தேடித் திரிந்த சார்ல்ஸ் ப்ளூமியே என்ற துறவி, தனக்கு உதவிய மிஷேல் பெகோன் என்ற பிரெஞ்சு அதிகாரியின் பெயரைச் சூட்டினார். உலகில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காடுகளில் தானாக வளரும் பிகோனியா மலபாரிக்கா அவற்றில் ஒன்று. ஆகவே முழுக்க அந்நியச் செடி என்றும் சொல்ல முடியாது.

கடையில் பத்து விதம் நிற்கிறது. எதை எடுப்பது?

முதல்தடவை என்றால் மெழுகுப் பிகோனியா. இலையில் மெழுகு பூசியதுபோல ஒரு மினுக்கம் இருக்கும். நான்கு, ஆறு கன்றுகள் கொண்ட சின்னப் பிளாஸ்ரிக் பெட்டிகளில் விற்பார்கள். 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரம், சிவப்பு, ரோஸ், வெள்ளை. ஜூன் தொடங்கி உறைபனி வரை பூவுக்கு ஓய்வே இல்லை. வாடிய பூவைக் கிள்ளத் தேவையில்லை, தானாக உதிரும். இலை பச்சையாகவும் வரும், செப்பு நிறத்திலும் வரும். செப்பு இலைக்காரி வெயிலைக் கூடுதலாகத் தாங்குவாள்.

கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் டிராகன் விங். சிறகுபோல நீண்ட இலை, கொத்தாகத் தொங்கும் சிவப்பு அல்லது ரோஸ் பூ, அரை மீற்றர் வரை எழும்பி வளையும். ஒரு பெரிய சாடியை ஒற்றைக் கன்றே நிரப்பிவிடும். என்னிடம் ஒரேயொரு வகையைத்தான் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் வைப்பேன்.

கிழங்குப் பிகோனியா அழகி, ஆனால் செல்லம் கேட்பவள். ஜெர்மனியின் பெனாரி நிறுவனத்து நொன்ஸ்டொப் வகைகள் கடைகளில் அதிகம். மஞ்சள், தோடம்பழ நிறம், கடும் சிவப்பு என்று மெழுகு வகையில் இல்லாத நிறங்களெல்லாம் இதில் உண்டு. நிழலும் குளிர்ச்சியும் வேண்டும். வெக்கை 30 பாகையைத் தாண்டி ஒரு வாரம் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

தொங்கும் கூடைக்குப் பொலிவியென்சிஸ் வகை நல்லது. ஒடுங்கிய மணிபோன்ற பூக்கள், வெயிலையும் ஓரளவு தாங்கும். ரெக்ஸ் என்பது இலைக்காக வளர்ப்பது. அதன் பூர்வீகம் அசாம் பக்கம். அதைக் கோடையில் நிழலான போர்ச்சில் வைத்துவிட்டு செப்ரெம்பரில் உள்ளே எடுத்துவிடுங்கள், பாத்தியில் நடாதீர்கள்.

எப்போது வெளியே நடலாம்?

விக்ரோறியா நாள் லோங் வீக்கென்ட் கழிந்து. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. இந்த ஊர்க்காரர்கள் பரம்பரையாக அந்தக் கணக்கில்தான் நடுகிறார்கள். நானோ முதல் வருடம் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்தேன். மே முதல் வாரத்தில் நாலு நாள் வெயில் எறித்தது, கடையிலும் கன்று வந்துவிட்டது. 36 கன்றுகளை ஒரே சனிக்கிழமையில் நட்டு முடித்தேன். அடுத்த கிழமையே ஒரு இரவு உறைபனி. மேலே சொன்ன அவித்த கீரை உவமை அன்றைய காலையில் கிடைத்ததுதான்.

கடைக்காரர் கன்றை ஏப்ரல் கடைசியிலேயே வெளியே அடுக்குவார். அது அவருடைய வியாபாரம், உங்களுக்கான நாள்காட்டி அல்ல. இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காத நிலை வரவேண்டும். உறையாவிட்டாலும் குளிர்மண்ணில் வேர் ஓடாமல் கன்று அப்படியே குந்திக்கொண்டிருக்கும். ஜூன் முதல் வாரத்தில் நட்ட கன்று, மே நடுவில் நட்டதை ஜூலைக்குள் முந்திவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாங்கி வந்த கையோடு நடலாமா?

கடையில் வெளியே நின்ற கன்று என்றால் நடலாம். கண்ணாடிக் கூடத்துக்குள் நின்றது என்றால் ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் இரண்டு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, கடைசியில் இரவும் வெளியே. இதைச் செய்யாமல் நட்டால் இலையில் வெள்ளைவெள்ளையாக வெயில் சுட்ட தழும்பு வரும்.

வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்காதீர்கள். கன்றின் அடியைப் பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எவ்வளவு வெயில் வேண்டும்?

காலை வெயில் நல்லது, பின்னேர வெயில் கெட்டது. கிழக்குப் பார்த்த சுவரோரம் என்றால் எந்தப் பிகோனியாவும் சந்தோஷமாக இருக்கும். வடக்குப் பக்கத்தில் வெளிச்சம் தாராளமாக விழுந்தால் போதும், எங்கள் வாசலே சாட்சி. மேற்கு, தெற்கு என்றால் செப்பு இலை மெழுகு வகை, டிராகன் விங் இரண்டையும் முயலலாம், தண்ணீர் கவனிப்பு வேண்டும். கிழங்கு வகையை அங்கே வைத்தால் இலையோரம் பழுப்பாகக் கருகிச் சுருளும்.

எதிர்மாறாக, முழு இருட்டிலும் வைக்கக்கூடாது. டெக்குக்குக் கீழே, இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள ஒடுக்கமான சந்தில் எல்லாம் தண்டு நீண்டு வெளிச்சத்தைத் தேடும், பூ எண்ணிப் பார்க்கிற அளவுக்குத்தான் வரும். ஒரு புத்தகத்தைப் பகலில் விளக்கில்லாமல் அங்கே வசதியாக வாசிக்க முடியுமா? முடிந்தால் பிகோனியாவுக்கும் அது போதும்.

முன்வளவு மேப்பிள் மரத்தடியில் புல்லும் வருவதில்லை. அங்கே வைக்கலாமா?

நிழல் சரி. வேர்தான் பிரச்சினை. மேப்பிள் வேர் மேல்மண்ணிலேயே பாய்போலப் பின்னிக் கிடக்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீரைப் பிகோனியாவுக்கு முன் அதுவே குடித்துவிடும். சிலர் அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டுகிறார்கள். அது மரத்துக்கே கேடு, பட்டை அழுகும். சாடிகளில் வைத்து மரத்தடியில் கூட்டமாக அடுக்குங்கள். பார்ப்பவர்களுக்குப் பாத்தி மாதிரியே தெரியும்.

நிழலுக்கு இம்பேஷன்ஸ்தானே எல்லாரும் வைப்பார்கள்?

வைத்தார்கள். நம்முடைய காசித்தும்பையின் உறவுக்காரி அது. 2011, 2012 வாக்கில் அடிச்சாம்பல் நோய் என்ற பூஞ்சணம் போன்ற ஒன்று வட அமெரிக்காவில் பரவி, பாத்தி பாத்தியாக இலை கொட்டி மொட்டைக் குச்சிகளாக்கியது. அந்த நோய் பிகோனியாவைத் தொடாது. மாநகரப் பூங்காக்களிலும் கடைகளிலும் பிகோனியா திடீரென்று கூடியதற்கு அதுவும் காரணம். இப்போது நோய் தாங்கும் இம்பேஷன்ஸ் வகைகள் வந்துவிட்டன. இருந்தாலும் நான் திரும்பிப் போகவில்லை.

பாத்திக்கு எத்தனை கன்று வாங்குவது?

மெழுகு வகைக்கு 20 சென்ரிமீற்றர் இடைவெளி என்றால் சதுர மீற்றருக்கு 25 கன்று. 25 சென்ரிமீற்றர் விட்டால் 16 போதும். ஒரு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் நீளமான பாத்திக்கு 75ம் வாங்கலாம், 48ம் வாங்கலாம். காசு வித்தியாசத்தைப் பாருங்கள். ஜூலை நடுவில் இரண்டும் ஒரே மாதிரித்தான் நிறைந்திருக்கும், 48 வைத்த பாத்தியில் காற்றோட்டமும் நன்றாக இருக்கும். டிராகன் விங், அதுபோன்ற பெரிய வகைகளுக்கு 35 முதல் 45 சென்ரிமீற்றர்.

சாடி என்றால் 30 சென்ரிமீற்றர் வாய் கொண்டதற்கு மெழுகு வகை ஐந்து அல்லது கிழங்கு வகை மூன்று.

கன்று பெட்டியில் எந்த ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்தில் நடுங்கள். தக்காளிக் கன்றைக் கழுத்துவரை புதைப்போமே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. தண்டு அழுகிவிடும்.

கிழங்கு வகைக்கு ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. இலையின் கூர்முனை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பூவும் முகம் காட்டும். நடும்போது இலைமுனைகள் தெருவைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். தெரியாமல் மாறி வைத்தால் கோடை முழுக்கச் சுவருக்குத்தான் பூத்துக்கொண்டிருக்கும்.

சாடிக்கு வளவு மண் போடலாமா? அடியில் கல் போடவேண்டுமா?

இரண்டும் வேண்டாம். எங்கள் பக்கத்து வளவு மண் பெரும்பாலும் களி. சாடிக்குள் போட்டால் ஓகஸ்டில் செங்கல்லாகிவிடும். பீற் மொஸ்ஸும் பேர்லைற்றும் கலந்த சாடிமண் பை வாங்குங்கள். பாத்தியில் களி இருந்தால் நன்றாக உக்கிய கொம்போஸ்ட் 5 சென்ரிமீற்றர் பரப்பி, மண்வெட்டி போகும் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள்.

அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது ஊரிலிருந்தே நாம் கொண்டுவந்த நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு. நுண்மண்ணில் உள்ள தண்ணீர் கல்லின் பெரிய இடைவெளிக்குள் சுலபமாக இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். ஈரமான பகுதி வேருக்கு இன்னும் கிட்டவாக வந்துவிடும். சாடியின் அடியில் ஓட்டை இருந்தால் போதும். ஓட்டை இல்லாத அழகுச் சாடி என்றால் ஓட்டை உள்ள சாதாரணச் சாடியை அதற்குள் இறக்கி வையுங்கள். மழை பெய்தால் உள்ளே தேங்கியதைக் கொட்ட மறக்காதீர்கள்.

தண்ணீர் தினமும் ஊற்றுகிறேன், ஆனாலும் வாடுகிறதே?

தினமும் ஊற்றுவதால்தான் வாடுகிறது. எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி இதுதான். நம் வீடுகளில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்பது விருந்தாளிக்குச் சோறு போடுவது மாதிரி. போதும் என்று சொன்னாலும் இன்னொரு கரண்டி. காலையில் அம்மா ஊற்றுவா, வேலைக்குப் போகும்போது மகன் ஊற்றுவான், பின்னேரம் அப்பா பூவாளியோடு நிற்பார். கத்தரிக்கு அது சரி. பிகோனியாவுக்குத் தண்டிலேயே தண்ணீர் இருக்கிறது. வேர் மயிர்போல மெல்லியது, மேல்மண்ணிலேயே நிற்கும். நனைந்துகொண்டே இருந்தால் அந்த வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். வேர் அழுகிய செடி தண்ணீரை உறிஞ்ச முடியாமல் வாடும். வாடலைக் கண்டு இன்னும் ஊற்றுவோம். பிறகு கேட்பானேன்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். சுட்டுவிரலை முதல் மூட்டு வரை மண்ணுக்குள் விடுங்கள். விரலில் ஈரமண் ஒட்டி வந்தால் பூவாளியை வைத்துவிட்டுப் போய்த் தேநீர் குடியுங்கள். பொடியாக உதிர்ந்தால் ஊற்றுங்கள், அடி ஓட்டையால் வழியும் வரை நிறைய ஊற்றுங்கள். சாடியென்றால் ஒருமுறை ஊற்றியபின் தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் விரலே தேவையில்லை, ஓரத்தைச் சற்று உயர்த்தினாலே தெரியும். வாடியிருக்கிறது, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது என்றால் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. நிழலுக்கு நகர்த்திக் காயவிடுங்கள்.

விதிவிலக்கு தொங்கும் கூடை. ஜூலை வெக்கையில் காற்று நாலு பக்கமும் அடிப்பதால் அது தினமும் கேட்கக்கூடும். அங்கேயும் தூக்கிப் பார்த்துத்தான்.

காலையில், இலையில் படாமல், அடியில் ஊற்றுங்கள். பின்னேரம் இலை நனைந்து இரவு முழுக்க ஈரத்தோடு நின்றால் நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

பசளை? அரிசி கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை?

நடும்போது மெதுவாகக் கரையும் குருணைப் பசளை ஒரு பிடி, பாத்திக்கு அது போதும். சாடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசல் பசளை, பெட்டியில் சொன்ன அளவில் பாதி. புல்லுக்குப் போடும் பசளை வேண்டவே வேண்டாம். அதில் நைதரசன் அதிகம், இலை கொழுத்துப் பூ குறையும்.

அரிசித் தண்ணீரைப் பாத்தியில் எப்போதாவது ஊற்றினால் பாதகமில்லை. சாடியில் ஊற்றினால் புளித்து மணக்கும், சின்னக் கறுப்பு ஈக்கள் வரும். தேயிலைச் சக்கையும் அப்படித்தான். கொம்போஸ்ட் தொட்டியில் போட்டு உக்கியபின் எடுத்துப் போடுங்கள்.

கிழங்குப் பிகோனியாவில் ஒரு பூ ரோஜா மாதிரி, பக்கத்தில் இரண்டு சொத்தைப் பூ. நோயா?

நோயில்லை, குடும்பம். பிகோனியாவில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, இரண்டும் ஒரே செடியில். ரோஜாபோல அடுக்கிதழோடு நடுவில் நிற்பது ஆண். இரு பக்கமும் ஒற்றையடுக்கில் நிற்பவை பெண். பெண்பூவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இதழுக்குப் பின்னால் மூன்று சிறகு வைத்த சின்னப் பை ஒன்று இருக்கும், ஒரு சிறகு மற்ற இரண்டையும்விடப் பெரிதாக. அதுதான் விதைப்பை. பேரனுக்கு ஒருமுறை காட்டினேன், இப்போது வருபவர்களுக்கெல்லாம் அவன்தான் வகுப்பெடுக்கிறான்.

பெரிய பூ வேண்டுமென்றால் பெண்மொட்டுகளைச் சின்னதிலேயே நகத்தால் கிள்ளிவிடலாம். போட்டிக்கு வளர்ப்பவர்கள் அப்படிச் செய்வார்கள். நான் செய்வதில்லை. ஆனால் உதிர்ந்த இதழ் இலைமேல் ஒட்டிக் கிடந்தால் எடுத்துவிடுவேன். அது கிடந்த இடத்திலேயே இலை அழுகத் தொடங்கும்.

ஜூலையில் மெழுகுப் பிகோனியா நெட்டையாகி நடுவில் இடைவெளி விழுகிறது.

மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள், கணுவுக்குச் சற்று மேலே. இரண்டு மூன்று வாரத்தில் அடர்த்தியாக வரும். வெட்டிய நுனிகளை எறியாமல் கீழிலைகளைக் கிள்ளித் தண்ணீர்க் குவளையில் வைத்தால் வேர்விடும்.

இலையில் வெள்ளைப் பொடி. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

அது சாம்பல் நோய், இம்பேஷன்ஸைக் கெடுத்த அடிச்சாம்பல் நோய் அல்ல. கிழங்கு வகைக்கு ஓகஸ்ட் கடைசியில் அடிக்கடி வரும். பகல் சூடு, இரவுக் குளிர், நெருக்கமான இலை மூன்றும் சேர்ந்தால் போதும். பட்ட இலைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், சாடிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். பிகோனியா இலை மெல்லியது, எண்ணெய்ப் பூச்சு வெயிலில் அதைக் கருக்கிவிடும். எதை அடித்தாலும் முதலில் ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு அடியுங்கள்.

சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலப் பூசணம் என்றால் அது வேறு. மழை நாட்களில் வாடிய பூவில் தொடங்கித் தண்டுக்கு இறங்கும். மருந்து கத்தரிக்கோல்தான்.

ஊரில்போலக் கடைக்குப் போய்ப் பலமான பூச்சிமருந்து வாங்கிவரலாம் என்று நினைக்காதீர்கள். அழகுக்காக வளர்க்கும் செடிகளுக்கு அவற்றை அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்திருக்கிறது. அசுவினிக்கும் அதுபோன்ற சில்லறைப் பூச்சிகளுக்கும் பூச்சிச் சவர்க்காரக் கரைசல் கடையில் கிடைக்கிறது. பிகோனியாவுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதும் இல்லை.

செடி ஆடுகிறது என்று தூக்கினேன், வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது!

மண்ணைக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, அரைவட்டமாகச் சுருண்ட புழு, ஒரு சென்ரிமீற்றர் அளவில் கிடந்தால் அது கறுப்பு மூக்கு வண்டின் குட்டி. தாய் இரவில் வந்து இலையோரத்தைத் தபால்முத்திரை ஓரம்போலக் கொறிக்கும், குட்டி கீழே வேரைத் தின்னும். அந்தச் சாடிமண்ணை முழுக்கக் கொட்டுங்கள், வேறு சாடிக்குப் போடாதீர்கள். கையில் வந்த செடியின் நுனிகளை வெட்டித் தண்ணீரில் வைத்தால் புதுக்கன்று எடுக்கலாம். புழுவைத் தின்னும் நுண்புழுக்களை விற்கும் கடைகளும் உண்டு.

புழு இல்லை, தண்டின் அடி கூழாக இருக்கிறது என்றால் பூவாளியைப் பற்றிய கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

நத்தை, அணில், முயல்?

ஓடில்லாத நத்தை இளங்கன்றைத் தின்னும். இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குங்கள், அல்லது இரும்பு பொஸ்பேற் குருணை தூவுங்கள். அணில் செடியைத் தின்பதில்லை. புதிதாகக் கொத்திய மண்ணைக் கண்டால் எதையாவது புதைக்கவோ தேடவோ கிளறும். நட்ட முதல் வாரம் கோழிவலை ஒரு துண்டை மண்மேல் போட்டுவைத்தால் சலித்துப் போய்விடும். முயல் எங்கள் வளவில் மெழுகு வகையைத் தொட்டதில்லை, பக்கத்தில் இருந்த போஞ்சியை முடித்துவிட்டது.

கொண்டோ பல்கனியில் வளருமா?

வளரும். காற்றுதான் எதிரி. மேல்மாடிக் காற்றில் கிழங்கு வகையின் தண்டு முறியும், மண்ணும் சீக்கிரம் காயும். மெழுகு வகை குட்டையானது, பாரமான சாடியில் கைப்பிடிச் சுவரோரம் தாழ்வாக வைத்தால் கவலையில்லை.

நாய், பூனை, சின்னப்பிள்ளை உள்ள வீட்டில் வைக்கலாமா?

கவனமாக வையுங்கள். செடி முழுக்க ஒக்சலேற்று இருக்கிறது, கிழங்கில்தான் மிக அதிகம். நாயோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து வீணி வடிக்கும், வாந்தியும் எடுக்கும். கிழங்கைத் தோண்டித் தின்னும் பழக்கமுள்ள நாய் இருந்தால் கிழங்கு வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

கிழங்குப் பிகோனியாவின் இதழைச் சலட்டில் போடுபவர்களும் உண்டு. தேசிக்காய்ப் புளிப்பு இருக்கும். புளிப்புக்குக் காரணம் அதே ஒக்சலிக் அமிலம்தான், ஆகவே சிறுநீரகக் கல் வந்தவர்கள் கிட்டப் போகவேண்டாம். கடைக் கன்றில் என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது, அதனால் நான் வாயில் வைப்பதில்லை.

சாமிக்கு வைக்கலாமா?

மனதிருந்தால் வைக்கலாம். வாசம் இல்லை, மாலை கட்டினால் கசங்கும். நான் பித்தளைச் சட்டியில் தண்ணீர் நிரப்பிக் கிழங்குப் பூக்களைக் காம்பில்லாமல் மிதக்கவிடுவேன், இரண்டு மூன்று நாள் நிற்கும். பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரச் சதுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓகஸ்டில் பூக்கம்பளம் விரிப்பார்கள். 1971இல் முதலாவது கம்பளம். பல வருடங்களாக அதற்கு லட்சக்கணக்கான பிகோனியாப் பூக்களைத் தரையில் நெருக்கி நெருக்கி அடுக்கினார்கள். கென்ற் நகரப் பக்கம் கிழங்குப் பிகோனியாத் தோட்டங்கள் நிறைந்த நாடு அது. படத்தில் பார்த்தபோது எனக்கு வாசலில் போடும் பெரிய கோலம்தான் நினைவுக்கு வந்தது.

விதை போட்டு வளர்த்தால் மலிவுதானே?

விதையைக் கண்டால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். மூக்குத்தூள் மாதிரி இருக்கும். தும்மினால் போச்சு. மண்ணால் மூடாமல், வெளிச்சத்தில், 21 முதல் 24 பாகைச் சூட்டில் முளைக்கவைத்து, நடும் அளவுக்கு வர மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். ஜனவரியில் விளக்குப் போட்டு ஆரம்பிக்கவேண்டும். மின்சாரக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் கன்று வாங்குவதே மலிவு.

ஒக்டோபரில் எல்லாவற்றையும் எறியத்தான் வேண்டுமா?

மெழுகு வகை, டிராகன் விங் இரண்டையும் செப்ரெம்பர் கடைசிக்குள், உறைபனிக்கு முன், பாதியாக வெட்டிச் சாடியில் உள்ளே எடுக்கலாம். பிரகாசமான யன்னல் வேண்டும். எங்கள் வீட்டுத் தெற்கு யன்னல் கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு எழுதிவைத்தது, ஆகவே பிகோனியாவுக்குக் கிழக்கு யன்னலில் இரண்டு சாடிக்குத்தான் இடம். அதிலிருந்து மார்ச்சில் நுனி வெட்டினால் மே மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கன்று தேறும்.

கிழங்கு வகையைக் காப்பாற்றுவது இன்னும் சுலபம். முதல் உறைபனி இலையைக் கறுப்பாக்கட்டும். அடுத்த நாளே தோண்டுங்கள். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, சில நாள் கராஜில் உலரவிட்டால் தண்டு தானாகக் கழன்று விழும். பிய்த்து எடுக்காதீர்கள், காயத்தில் அழுகல் புகும். கிழங்கு எப்படியிருக்கும் என்றால், துளை போடாமல் நடுவில் பெருவிரலால் அமுக்கிய உழுந்து வடை மாதிரி, பழுப்பாக, அடியில் வேர்மயிரோடு. காய்ந்த பீற் மொஸ்ஸில் புதைத்துக் கடதாசிப் பையில் கட்டி, 5 முதல் 10 பாகை குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பிளாஸ்ரிக் பை வியர்க்கும், வேண்டாம்.

மார்ச்சில் எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க, ஈரமான சாடிமண்ணில் பாதி புதையும்படி தட்டில் வையுங்கள். குழிக்குள் தண்ணீர் தேங்கவிடக்கூடாது. குழியில் ஊசிமுனை அளவில் இளஞ்சிவப்பாக முளை தெரிய சில வாரம் செல்லும்.

பைமேல் நிறத்தையும், ‘பூக்கிழங்கு, சமைக்கக்கூடாது’ என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதாத வருடம் எங்கள் பேஸ்மென்ற் அலுமாரியிலிருந்து ஒரு பை சமையலறைக்கு ஏறி வந்து, கருணைக்கிழங்குக் கறிக்குத் தோல் சீவுகிற கட்டம் வரை போய்விட்டது.